கண்மாய் வற்றினால் கையில் ஊத்தா!

சித்திரை மாதம். பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை. கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் கரை நெடுகக் கூட்டம்!

ஆண்கள், பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சைக்கிளில் வந்தவர்கள் உண்டு. சரக்கு வண்டியில் மொத்தமாக ஏறி வந்தவர்களும் உண்டு. நாலு ஊர் தாண்டி, மாமன் மச்சான் வீட்டுக்கு முதல் நாளே வந்து தங்கியவர்களும் உண்டு.

ஒருவர் கூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் ஊர்ப் பெரியவர் மேல் இருக்கிறது.

பெரியவர் சாமி கும்பிடுகிறார். தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுக்கிறார். தலைக்கு மேலே வீசுகிறார்.

அவ்வளவுதான்! "ஓ" என்று ஒரு சத்தம். கரையில் நின்ற கூட்டம் முழுவதும் கண்மாய்க்குள் பாய்கிறது.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, விருதுநகர் மாவட்டங்களில் கோடைக்காலத்தில் நடக்கும் மீன்பிடித் திருவிழா இது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வானம் பார்த்த சீமைக்கு, தண்ணீர் வற்றுவதிலும் ஒரு திருநாள் இருக்கிறது.

விலைக்கு விற்கக் கூடாது!

இந்தத் திருவிழாவுக்குக் கட்டணம் கிடையாது. "நீ எந்த ஊர்? என்ன சாதி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதும் வழக்கம் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் இறங்கலாம்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிடித்த மீனை விலைக்கு விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். அதிகமாகக் கிடைத்தால் அக்கம் பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் அடுத்த வருடம் மழை நன்றாகப் பெய்யும், கண்மாய் நிறையும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் வயிற்றுப் பாடும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் காட்டு வேலை கிடையாது. கூலி கிடையாது. அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்கு நாலு கிலோ மீன் சும்மா கிடைத்தால் அது சின்ன விஷயமா?

அன்றைக்கு ஊர் முழுவதும் ஒரே வாசனைதான். புளியைக் கரைத்து ஊற்றி, மண் சட்டியில் வைத்த குழம்பு. அதை மறுநாள் சாப்பிட்டால்தான் ருசி என்று சொல்பவர்கள் பாதிப் பேர். மறுநாள் வரைக்கும் மிச்சம் இருக்க வேண்டுமே!

ஊத்தா என்றால் என்ன?

கூட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாமான் இருக்கும். சிலரிடம் கச்சா வலை. சிலரிடம் கூடை. பெண்கள் இரண்டு பேராகச் சேர்ந்து பழைய சேலையையே வலையாகப் பிடித்து வருவார்கள். கொசுவலையைக் கிழித்துக் கொண்டு வருபவர்களும் உண்டு.

ஆனால் இந்தத் திருவிழாவின் ராஜா, ஊத்தாதான்.

ஊத்தா என்பது மூங்கிலால் செய்த ஒரு கூடு. பார்ப்பதற்குக் கோழியைக் கவிழ்த்து வைக்கும் பஞ்சாரம் மாதிரி இருக்கும். அடிப்பக்கம் அகலம். மேல்பக்கம் குறுகல். இரண்டு பக்கமும் திறந்திருக்கும். உயரம் இரண்டு முதல் மூன்று அடி. மேலே இருக்கும் வாய், ஒரு கை தாராளமாக நுழையும் அளவுக்கு இருக்கும்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. தண்ணீருக்குள் நடந்துகொண்டே ஊத்தாவைத் தூக்கிச் 'சதக்' என்று சேற்றில் குத்த வேண்டும். மீன் உள்ளே அகப்பட்டால் சும்மா இருக்காது. முட்டும், மோதும். அந்த அதிர்ச்சி ஊத்தாவைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். உடனே ஊத்தாவை அழுத்திக்கொண்டு, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் தடவி மீனை எடுக்க வேண்டும்.

ஒன்றும் அசையவில்லையா? ஊத்தாவைப் பிடுங்கி அடுத்த அடியில் குத்த வேண்டியதுதான்.

கலங்கிய தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. கையே கண்!

இந்தக் கூடு நம் சீமைக்கு மட்டும் சொந்தம் அல்ல. கேரளத்தில் இதற்கு ஒற்றால் என்று பெயர். வங்காளத்தில் பலோ என்கிறார்கள். வங்காள தேசத்தின் சில்ஹெட் பகுதியில் நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாக இறங்கிப் பலோ குத்தும் திருவிழா இருக்கிறது. அஸ்ஸாமிலும் தாய்லாந்திலும் கம்போடியாவிலும் இதே உருவத்தில் மூங்கில் கூடுகள் உண்டு. ஆழம் இல்லாத, கலங்கிய தண்ணீர் எங்கே இருக்கிறதோ, அங்கே மனிதனுடைய புத்தி ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது.

செய்வது எப்படி?

ஊத்தா செய்ய முற்றின மூங்கில் வேண்டும். கரிசல் காட்டில் மூங்கில் ஏது? வெளியிலிருந்துதான் வர வேண்டும். பிஞ்சு மூங்கில் உதவாது. அதில் மாவுச்சத்து அதிகம். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். இதற்காகவே மூங்கிலைச் சில நாள் தண்ணீரில் ஊறப் போடுவது உண்டு. ஊறினால் மாவுச்சத்து கரைந்து வெளியேறும். பிளப்பதற்கும் லேசாக இருக்கும்.

பிறகு மூங்கிலை மூன்று அடித் துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் விரல் அகலத்துக்குப் பிளாச்சு பிளாச்சாகப் பிளக்க வேண்டும். இனிதான் கைத்திறன். பிளாச்சின் உள்பக்கத்துச் சோற்றைச் சீவி எறிய வேண்டும். வெளிப்பக்கத்துத் தோலில் கத்தி படக்கூடாது.

ஏன்? மூங்கிலின் பலமெல்லாம் அந்தத் தோலில்தான் இருக்கிறது. மூங்கிலைக் குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவைதான் நார்க்கட்டுகள். உள்பக்கத்தில் அவை தூரம் தூரமாக இருக்கும். தோலை நெருங்க நெருங்க நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு யாரும் சீவவில்லை. தாத்தா சீவினார், அப்பா சீவினார், மகனும் சீவுகிறான்.

ஒவ்வொரு பிளாச்சின் மேல்முனையையும் ஒடுக்கமாகச் சீவ வேண்டும். அடிமுனையைக் கூராக்க வேண்டும். அப்போதுதான் சேற்றில் இறங்கி நிற்கும். மூங்கிலையே வளைத்து, சின்னதும் பெரியதுமாக மூன்று வளையங்கள் கட்டிக்கொண்டு, பிளாச்சுகளை அவற்றோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்க வேண்டும். முன்பு கயிறு என்றால் நார்க் கயிறு. இப்போது நைலான்.

இரண்டு பிளாச்சுகளுக்கு நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட வேண்டும். குஞ்சு மீன் அதன் வழியாகத் தப்பித்துப் போய்விடும். பெரியது மட்டும் நிற்கும். மேல் வாயைச் சுற்றிப் பழைய துணி கட்டினால் கை கிழியாது.

கெட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு பகலில் முடித்துவிடலாம். செலவைப் பார்த்தால் மூங்கில் விலையும் கயிற்று விலையும்தான்.

ரப்பர் துப்பாக்கி!

மேல்நாடுகளில் கடலுக்குள் மூழ்கி மீன் வேட்டை ஆடுபவர்கள் இருக்கிறார்கள். 1930-ம் ஆண்டுகளில் பிரான்சு தேசத்தின் தென்கடற்கரையில் இந்த விளையாட்டு பரவியது. அவர்கள் கையில் ஒரு துப்பாக்கி இருக்கும். ஆனால் அதில் மருந்தும் கிடையாது, தோட்டாவும் கிடையாது. ரப்பர் பட்டைதான் அதற்குப் பலம். கவட்டையில் ரப்பரைக் கட்டி ஓணான் அடிக்கும் பையன்களுக்கு இது உடனே புரியும். கல்லுக்குப் பதிலாக ஒரு நீண்ட இரும்புக் கம்பி பாய்ந்து போய் மீனைக் குத்தும். கம்பியின் வாலில் கயிறு இருக்கும். இழுத்துக்கொள்ளலாம்.

இந்தத் துப்பாக்கியை வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ரப்பரை இழுத்து மாட்டியதும் துப்பாக்கியின் தண்டு வில்லாக வளையப் பார்க்கும். தண்டு வளைந்தால் குறி தப்பும். தடியான தண்டு போட்டால் வளையாது. ஆனால் தண்ணீருக்குள் அதைத் திருப்புவதற்குள் மீன் போய்விடும்.

லேசாகவும் இருக்க வேண்டும், வளையவும் கூடாது. இதற்கு அவர்கள் கண்ட வழி, 'கார்பன் பைபர்' என்னும் கரியிழை.

அது என்ன கரியிழை? அருப்புக்கோட்டைக்காரருக்கும் திருச்சுழிக்காரருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை. பாதியை ஒரு ஊரும், மீதியை இன்னொரு ஊரும் தெரிந்து வைத்திருக்கின்றன!

நூலும் கரிமூட்டமும்

திருச்சுழிப் பக்கத்தில் கரிமூட்டம் போடுவதைப் பார்க்காதவர் யார்? சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி மூடி, உள்ளே தீ வைப்பார்கள். காற்று உள்ளே புகாது. அதனால் மரம் சாம்பல் ஆகாது. கரியாகும். காற்றுப் புகுந்தால் எல்லாம் பாழ். அதனால் ராத்திரியும் பகலும் காவல் இருந்து, வெடிப்பு விட்ட இடத்தில் மண்ணை அப்புவார்கள்.

அருப்புக்கோட்டையோ நெசவு ஊர். நூற்பாலைகளும் உண்டு, தறிகளும் உண்டு.

மரத்துக்குப் பதிலாக நூலைக் கரிமூட்டம் போட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் கரியிழை. 'அக்ரிலிக்' என்னும் செயற்கை நூலைக் காற்றுப் படாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு இதைச் செய்கிறார்கள். ஓர் இழை, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. இந்த இழைகளைப் பாவாகவும் ஊடையாகவும் ஓட்டித் துணியாகவே நெய்கிறார்கள். கறுப்புத் துணி!

துப்பாக்கி செய்பவர், ஒரு வழவழப்பான குழாயின் மேல் இந்தத் துணியைச் சுற்றுவார். சுற்றுக்குச் சுற்று எபாக்சிப் பசையைத் தடவுவார். காய்ந்து இறுகியதும் உள்ளே இருக்கும் குழாயை உருவிவிடுவார். கறுப்புத் தண்டு தயார். நீளவாட்டில் ஓடும் இழை, தண்டை வளைய விடாது. குறுக்கே ஓடும் இழை, தண்டை நசுங்க விடாது. பாவு ஒரு வேலை, ஊடை ஒரு வேலை. தறிக்காரருக்கு இது பழைய பாடம். தண்டின் எடையோ, அதே அளவுள்ள இரும்பில் ஐந்தில் ஒரு பங்குதான்.

ஒரு ஆபத்தும் உண்டு. காய்ந்த தண்டைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது பறக்கும் தூள், மூச்சோடு உள்ளே போகக்கூடாது. முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது முட்டாள்தனம்.

இன்னொரு வேடிக்கை. மின்சார விளக்கைச் செய்த எடிசன், 1879-ல் பருத்தி நூலைக் கரியாக்கி அதில் ஒளி ஏற்றினார். அடுத்த வருடம் மூங்கில் நாரைக் கரியாக்கிப் பார்த்தார். அது இன்னும் நன்றாக எரிந்தது. ஜப்பானிலிருந்து மூங்கில் வரவழைத்தார். ஆக, உலகத்தில் முதலில் பெயர் எடுத்த கரியிழைகள் பருத்தியும் மூங்கிலும்தான். ஆனால் அவை ஒளி கொடுத்தனவே தவிர, பாரம் தாங்கவில்லை. பலமான கரியிழை 1950, 60-ம் ஆண்டுகளில்தான் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் உருவாயிற்று.

கண்மாய்க்கு அது ஆகாது

சரி, அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து நம் கண்மாயில் மீன் பிடிக்கலாமா?

முடியாது. அது தெளிந்த தண்ணீருக்கு உரியது. கடலுக்குள் பத்து, இருபது அடி தூரம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் குறி பார்க்கலாம். கண்மாய்த் தண்ணீரில் கையை விட்டால் கையே தெரியாது. அதோடு, ஆயிரம் கால்கள் நடுவே கம்பி பாய்ந்தால் குத்துப்படுவது மீனாகவா இருக்கும்?

குண்டாறு திருச்சுழி வழியாக ஓடி, கமுதியைத் தாண்டி, கடைசியில் மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அங்கே தண்ணீர் தெளிவுதான். பவளப் பாறையும் உண்டு, மீனும் உண்டு. ஆனால் அங்கேயுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக்கிவிட்டார்கள். பூங்காவுக்குள் வேட்டை கூடாது.

உள்ளே இருப்பது மீனா, பாம்பா?

ஊத்தாவுக்குள் கையை விடுவது லேசான காரியம் அல்ல. உள்ளே இருப்பது மீன்தான் என்று யார் சொன்னது? சில சமயம் தண்ணீர்ப் பாம்பு இருக்கும். அதற்கு விஷம் கிடையாது. ஆனாலும் கையில் சுற்றும்போது அந்த நினைப்பு வருமா?

கெளுத்திக்குச் செதில் இல்லை. வழவழ என்று நழுவும். அதன் செவுள் பக்கத்திலும் முதுகிலும் முள் இருக்கும். தேளி மீன் அதைவிட மோசம். பெயருக்கு ஏற்ற மாதிரி கொட்டிவிடும். கை முழுவதும் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். பிறகு டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

எல்லாரும் தேடுவது விராலைத்தான். அது ஒரு அதிசயமான மீன். மற்ற மீன்கள் செவுளால் தண்ணீரில் மூச்சு விடுகின்றன. விரால் மேலே வந்து காற்றையும் குடிக்கும். கூட்டம் இறங்கிக் கலக்கியதும் கெண்டைகளுக்கு மூச்சு முட்டும். வாயைத் திறந்துகொண்டு மேலே மிதக்கும். சின்னப் பிள்ளை கூடக் கையால் அள்ளலாம். விரால் அப்படி மசியாது. சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். கண்மாய் வற்றினாலும் ஈரச் சேற்றில் கிடந்து உயிர் பிழைக்கும். அதைப் பிடிக்க ஊத்தா வேண்டும், பொறுமையும் வேண்டும்.

விரால், பிள்ளைப் பாசம் உள்ளது. குஞ்சுகள் சிவப்பாக, ஒரே கூட்டமாகத் திரியும். தாயும் தகப்பனும் அவற்றோடு காவல் போகும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டுப் பெரியதைத் தூக்கினால், குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை.

ஜிலேபிக் கெண்டை இப்போது எல்லாக் கண்மாயிலும் கிடைக்கிறது. அது ஆப்பிரிக்கா தேசத்து மீன். 1952-ல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டது!

ஏலமும் ஊர் உரிமையும்

பெரிய கண்மாய்கள் அரசாங்க இலாகாவின் பொறுப்பு. சின்னக் கண்மாய்கள் ஊராட்சியின் பொறுப்பு. மீன் பிடிக்கும் உரிமையை 'மீன் பாசி ஏலம்' விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுவார். காவல் போடுவார். தண்ணீர் குறைந்ததும் வலை போட்டுப் பிடித்து விற்பார்.

ஜனங்கள் இறங்குவது அவர் எடுத்த பிறகுதான். அவர் கடைசி மீன் வரைக்கும் அரித்து எடுத்துவிட்டால் திருவிழா ஏது? "பணம் கட்டியவன் நான்" என்பார் அவர். "கண்மாய் ஊருக்குப் பொது" என்பார்கள் ஜனங்கள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வம்பு வருகிறது. ஏலத்தின்போதே, "இத்தனாம் தேதிக்கு மேல் ஊருக்கு விட்டுவிட வேண்டும்" என்று பெரியவர்கள் எல்லார் முன்னிலையிலும் பேசி முடித்துக்கொள்ளும் ஊரில் சண்டை கிடையாது.

இன்னொரு பயம், பள்ளம். மண் அள்ளிய கண்மாயில் முழங்கால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கலங்கிய தண்ணீரில் அது தெரியாது. வெள்ளைத் துண்டு வீசுவதற்கு முன்னால் பள்ளத்தைச் சுற்றிக் கம்பு நட்டுத் துணி கட்டிவிட வேண்டும். பிள்ளைகளைத் தனியாக இறங்க விடக்கூடாது.

தண்ணீர் வந்தால்தானே!

திருச்சுழி என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. பெருவெள்ளம் ஊரை அழிக்க வந்ததாம். சிவபெருமான் அதைச் சுழியாக்கிப் பூமிக்குள் செலுத்தி ஊரைக் காத்தாராம். வெள்ளத்தால் பேர் பெற்ற ஊர், இன்றைக்கு வடகிழக்குப் பருவமழையை நம்பி வானத்தைப் பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் பெய்தது. தவறினால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் நெல்லும் இல்லை, மீனும் இல்லை.

பெய்கிற மழையும் கண்மாய்க்கு வந்து சேர வேண்டும். வரத்துக் கால் அடைபட்டிருந்தால் எப்படி வரும்? கண்மாயின் உள்வாய் முழுவதும் சீமைக் கருவேல மரம் முளைத்திருந்தால் தண்ணீர் எங்கே நிற்கும்? விறகுக்கு ஆகும் என்று பரப்பப்பட்ட மரம் இது. பிறகு காட்டையும் கண்மாயையும் வளைத்துக்கொண்டது. 2017-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, நீர்நிலைகளில் உள்ள இந்த மரங்களை அகற்றும்படி உத்தரவு போட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் குடிமராமத்து வேலையையும் திரும்பத் தொடங்கியது.

ஆனால் மரத்தை வெட்டி மூட்டம் போட்டுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. கோடையில் கரி மூட்டம். நடுவில் ஒரு நாள் மீன். ஒரே குடும்பம்தான் இரண்டுக்கும் போகிறது. வேரோடு பிடுங்கு என்கிறான் விவசாயி. பிடுங்கினால் கஞ்சிக்கு என்ன வழி என்கிறான் மூட்டக்காரன். பல வீடுகளில் இந்த இரண்டு பேரும் அண்ணன் தம்பிகள்!

மழைத் தண்ணீர் வந்துவிட்டால் மீனுக்குப் பஞ்சம் இல்லை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால், அந்தத் தண்ணீரோடு குஞ்சுகளும் கீழ் கண்மாய்க்கு வந்துவிடும். சேற்றில் படுத்திருந்த விராலும் எழுந்துகொள்ளும்.

திருவிழா முடிந்ததும் ஊத்தாவைக் கழுவி, நிழலில் காய வைத்து, அடுப்படிப் பரணில் தொங்க விடுவார்கள். புகை பட்டால் வண்டு அண்டாது. மறு கோடையில் எடுத்து, இற்றுப்போன கயிற்றை மட்டும் மாற்றிக் கட்டினால் போதும்.

மழை பொய்த்த வருடங்களிலும் ஊத்தா சும்மா கிடப்பதில்லை. பரணிலிருந்து அதை இறக்கி, மேல் வாயை ஒரு ஓட்டுச் சில்லால் மூடி, முற்றத்தில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு தாய்க் கோழியும் எட்டுக் குஞ்சுகளும் இருக்கும்.